மிஸ்ர் நாட்டு மண்வீடும் புளியங்குளத்துக் குசினியும்



வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே புறப்பட்டால், ஓமந்தை கழிந்து சற்று நேரத்தில் புளியங்குளம் சந்தி வரும். அங்கே வலப்பக்கமாகப் பிரியும் வீதி நெடுங்கேணி ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்கிறது. நீராவிப்பிட்டிக்கும் தண்ணீரூற்றுக்கும் போகிற நம்மவர்களில் பலர் இந்த வழியைத்தான் பிடிப்பார்கள். சில கடைகள், பஸ்ஸுக்காக மர நிழலில் நிற்கும் சனம், சற்று உள்ளே ஒரு புகையிரத நிலையம், அதற்கப்பால் வயலும் குளமும் காடும். அவசரமாகப் போகிறவர்கள் இந்த ஊரைப் பார்த்ததாகவே நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை இவ்வழியே போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பஸ் யன்னலால் வீடுகளின் கூரைகளைப் பாருங்கள். வேலியும் வாழையும் சுவரை மறைத்தாலும் கூரையை மறைப்பதில்லை. வன்னியில் கூரை என்பது ஒரு குடும்பத்தின் வரலாற்றுப் புத்தகம்.

1997 மே 13ஆம் திகதி ‘ஜயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே தரைப்பாதை பிடிப்பது அதன் நோக்கம். அந்த ஆண்டில் புளியங்குளத்தைச் சுற்றி மாதக்கணக்கில் சண்டை நடந்தது. அதிலே போன கூரைகள் எத்தனையோ! 2002இல் சமாதானப் பேச்சோடு பாதை திறந்தது, சனம் திரும்பியது, மறுபடியும் ஓடியது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது இந்த வீதியோரத்தில் நின்ற சுவர்களில் பலவற்றுக்குத் தலை இருக்கவில்லை. நம் சமூகத்தின் கதை அதற்கும் முந்தியது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து நிக்காஹ்வும் செய்துகொண்டது.

ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் கூரைகளில் பழைய கிடுகு உண்டு. மீள்குடியேற்றத்தின் தொடக்கத்தில் தறப்பாளோடு கிடைத்த தகரம் உண்டு. பிறகு வந்த வீட்டுத் திட்டங்களின் ஓடும் சீற்றும் உண்டு. கிடுகுக்குக் கீழே படுத்தவருக்குத் தெரியும், மத்தியானத்தில் அது எவ்வளவு குளிர்ச்சி என்று. தகரத்துக்குக் கீழே படுத்தவருக்கும் தெரியும்! ஆனால் கிடுகை ஆண்டுக்கொருமுறை, தப்பினால் இரண்டாண்டுக்கொருமுறை வேய வேண்டும். கறையான் தின்னும், ஒரு தீப்பொறி போதும். சுவருக்குப் புற்றுமண் காசில்லாமல் கிடைக்கிறது, கூரைக்குத்தான் காசு வேண்டும் என்பது ஏழை வீட்டின் பழைய சிக்கல். இதே சிக்கலுக்கு மிஸ்ர் நாட்டில் ஒரு மனிதர் விடை தேடினார். தேடியவர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கட்டடங்களில் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தும் ஒரு விஷயத்தில் தோற்றார். அந்தத் தோல்வி பெண்களாகிய உங்களோடு சம்பந்தப்பட்டது என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மிஸ்ர், அதாவது எகிப்து என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஃபிர்அவ்னும் பிரமிடும் நினைவுக்கு வரும். கல்லில் அல்லவா அவர்கள் கட்டினார்கள் என்று கேட்பார்கள். கல் இறந்தவர்களுக்கும் அவர்கள் வணங்கிய தெய்வங்களுக்கும். உயிரோடிருப்பவர்கள் மண்ணில்தான் வாழ்ந்தார்கள், அரசனும் உட்பட! நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சோர் நகருக்கு எதிரே, மல்கத்தா என்ற இடத்தில் மூன்றாம் அமன்ஹோதெப் என்ற மன்னனின் அரண்மனை இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த அரண்மனை வெயிலில் காயவைத்த மண்கல்லால் ஆனது. அதனால்தான் அரண்மனை கரைந்து தரைமட்டமாயிற்று, கல்லறைகள் நிற்கின்றன. ஃபிர்அவ்ன் தன் ஆணவத்தில் ஹாமானிடம் களிமண்ணைச் சுட்டு உயர்ந்த மாளிகை எழுப்பும்படி சொன்ன செய்தி அல்கஸஸ் அத்தியாயத்தில் வருவதை நீங்கள் ஓதியிருப்பீர்கள். சுட்ட கல் அங்கே பெருமைக்கு. சுடாத கல் அன்றாட வாழ்வுக்கு.

அந்தச் சுடாத கல்லுக்கு அரபியில் ‘லபின்’ என்று பெயர். நபிமார்களின் வரிசையை ஒரு கட்டடத்துக்கு ஒப்பிட்டு, அதில் விடுபட்டிருந்த ஒரு கல் தாமே என்று ரசூல் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அதிலே வரும் சொல் ‘லபினா’. நம் பயான்களில் அதைச் செங்கல் என்று சொல்லிவிடுகிறோம். அரபியில் அதன் இயல்பான பொருள் மண்ணைப் பிசைந்து அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த கல். மதீனாவின் மஸ்ஜிதும் அதை ஒட்டியிருந்த அன்னையரின் அறைகளும் அப்படிப்பட்ட கல்லாலும் ஈச்ச மரத்தாலும் ஓலையாலும் ஆனவை அல்லவா? அரபியில் இன்னொரு சொல்லும் உண்டு, ‘தூப்’. பழைய மிஸ்ரியர் கல்லுக்கு வைத்த பெயர் கிப்தி மொழி வழியாக அரபிக்கு வந்து, ‘அத்தூப்’ என்று ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து ‘அடோபி’ என்று அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறியது. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறதென்றால் அந்தக் கல் எத்தனை ஏழைகளுக்கு நிழல் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடை தேடிய மனிதரின் பெயர் ஹஸன் ஃபத்ஹி. 1900ஆம் ஆண்டு அலெக்ஸாந்திரியாவில், இஸ்கந்தரிய்யா என்று நாம் சொல்லும் நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாருக்கு நிலபுலன்கள் ஏராளம். ஆனால் கிராமம் என்றாலே அவருக்கு ஆகாது, தம் நிலத்தை எட்டியும் பார்க்க மாட்டார். தாயாரோ சிறு வயதில் சில காலம் கிராமத்தில் வளர்ந்தவர். ஆட்டுக்குட்டிகளோடு விளையாடிய கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வார். என்றாவது ஒருநாள் அங்கே திரும்பிப்போய் வாழவேண்டும் என்ற ஆசையோடே இருந்து, அது நிறைவேறாமலே மௌத்தானார். கிராமத்தின் மீது தமக்கு உண்டான பிரியம் தாய் சொன்ன கதைகளிலிருந்து வந்தது என்று ஃபத்ஹி தம் நூலில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு நீங்கள் அடுப்படியில் சொல்லும் கதை எங்கே போய் முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

1926இல் கட்டடக் கலைப் படிப்பை முடித்தார். இளைஞராகக் குடும்பத்தின் பண்ணையை முதன்முதலில் பார்த்தபோது, உழைப்பாளிகள் வாழ்ந்த குடிசைகளின் நிலை அவரைத் திடுக்கிட வைத்தது. நாடெங்கும் மண் இருக்கிறது, கை இருக்கிறது. கூரைக்கு மரம்தான் இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு மரமும் நின்றுபோனது. அப்படியானால் கூரையையும் மண்கல்லாலேயே வளைவாகக் கட்டினால் என்ன? கட்டிப் பார்த்தார், இடிந்து விழுந்தது. மறுபடியும் கட்டினார், மறுபடியும் விழுந்தது. அஸ்வானில் வேலை பார்த்த அவருடைய சகோதரர்தான் சொன்னார், நூபியா நாட்டு மேசன்மார் பலகை முட்டுக் கொடுக்காமலே மண்கல்லால் கூரை வளைக்கிறார்கள் என்று.

1941இல் ஃபத்ஹி அஸ்வானுக்குப் போனார். கர்ப் அஸ்வான் என்ற கிராமத்தில் வளைகூரை போட்ட, வெள்ளை பூசிய, சுத்தமான மண்வீடுகள் வரிசை வரிசையாக நிற்கக் கண்டு மலைத்துப் போனார். அந்த வேலையை நீங்களும் ஒருமுறை மனக்கண்ணால் பாருங்கள். அறையின் ஒரு பக்கச் சுவரை மட்டும் உயர்த்துகிறார்கள். அதன் மேல் சேற்றால் வில் போல ஒரு கோடு இழுக்கிறார்கள். அளவுகோல் கிடையாது, கண்தான் அளவு. பிறகு மெல்லிய கற்களை அந்தச் சுவரில் சாய்த்துச் சாய்த்து ஒட்டுகிறார்கள். கூரைக் கல்லில் வைக்கோல் கூடுதலாகச் சேர்ப்பதால் பாரம் குறைவு. ஈரமாக இருக்கும்போதே விரலால் கோடு கிழித்திருப்பதால் சேறு கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் மேல் சாய்ந்து நிற்பதால் விழுவதற்கு இடமில்லை. பலகையும் இல்லை, ஆணியும் இல்லை. இரண்டு மேசன்மார் ஓரிரு நாளில் ஓர் அறையை மூடிவிடுவார்கள்.

இது புதிய வித்தையும் அல்ல. லக்சோரின் மேற்குக் கரையில், இரண்டாம் ரம்ஸீஸ் மன்னனின் ஆலயத்தை ஒட்டித் தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அவற்றின் மண்கல் வளைவுகள் சாய்த்து ஒட்டிய இதே முறையில் கட்டப்பட்டு, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு பகுதி நிற்கிறது. மன்னர்கள் போனார்கள், மார்க்கங்கள் மாறின. ஏழை மேசனின் கை மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு அந்த வித்தையைக் கடத்திக்கொண்டே வந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

நூபிய மேசன்மாரை அழைத்துவந்து ஃபத்ஹி கட்டிய முதல் வீடுகளில் ஒன்று, கெய்ரோவுக்கு அருகில் மர்ஜ் என்ற இடத்தில் ஹாமித் ஸயீத் என்ற ஓவியருக்காக 1942இல் எழுந்தது. புருஷனும் மனைவியும் அந்த நிலத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். வெயில் எப்போது எங்கே விழும், காற்று எப்படி வரும் என்று அங்கேயே இருந்து பார்த்தவர்கள். முதலில் சிறிதாகக் கட்டி, சில ஆண்டுகளின் பின் முற்றத்தைச் சுற்றி விரித்தார்கள். பழைய மிஸ்ரின் வளைவும் குவிமாடமும் தடித்த சுவருமாக அமைந்த அந்த நவீன வீட்டைப் படத்தில் பார்த்தாலே கண்ணுக்குக் குளிர்ச்சி. இருக்கப் போகிறவர்கள் யார் என்று தெரிந்து கட்டிய வீடு அது.

அடுத்தது குர்னா. லக்சோருக்கு எதிரே, பழைய பிரபுக்களின் கல்லறைகள் நிறைந்த மலைச் சரிவில், அந்தக் கல்லறைகளின் மேலேயே வீடு கட்டி ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்தார்கள். கல்லறைப் பொருள்களைத் தோண்டி விற்பதும் பயணிகளுக்கு வழிகாட்டுவதும் பலருக்குப் பிழைப்பு. ஒரு கல்லறையின் பாறைச் சிற்பமே பெயர்த்துத் திருடப்பட்டதும் அரசு விழித்துக்கொண்டது. முழு ஊரையும் சமவெளிக்கு இறக்குவதென்று முடிவாகி, 1945இல் தொல்பொருள் திணைக்களம் புதிய கிராமம் கட்டும் பொறுப்பை ஃபத்ஹியிடம் கொடுத்தது.

அவர் கொட்டிய உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை அவர் விரும்பவில்லை, குடும்பத்துக்குக் குடும்பம் வேறாக வரைந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் முற்றம், ஆடு மாட்டுக்கு இடம், புறாக்கூடு, ரொட்டி சுடும் அடுப்பு, துணி துவைக்க இடம். ஊருக்கு மஸ்ஜித், சந்தை, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்கள். பள்ளிக்கூடத்தில் ‘மல்கஃப்’ என்ற காற்றுப் புகைபோக்கியை வைத்தார். புகையை வெளியே அனுப்புவதற்குப் பதிலாக மேலே வீசும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கூண்டு அது. பழைய மிஸ்ரியரின் ஓவியத்திலேயே வீட்டுக் கூரையில் அத்தகைய கூண்டு வரையப்பட்டிருக்கிறது. உள்ளே நனைத்த கரியின் ஊடாகக் காற்று வருவதால் குளிர்ந்து வரும். மின்விசிறி இல்லை, மின்சாரக் கட்டணமும் இல்லை!

இருந்தும் ஊர் வரவில்லை. புதிய கிராமத்தைக் காக்கும் அணையை வெட்டி வெள்ளத்தை விட்டார்கள் என்றுகூட ஃபத்ஹி எழுதுகிறார். 1948 அளவில் வேலை பாதியிலே நின்றுபோனது. காரணங்கள் பல சொல்கிறார்கள். பிழைப்பு மலையில் இருக்கும்போது சமவெளிக்கு ஏன் இறங்க வேண்டும் என்பது பெரிய காரணம். குவிமாடம் இன்னொரு காரணம். மிஸ்ரில் ‘குப்பா’ என்றால் அவ்லியாக்களின் கப்று மேல் எழுப்பிய கட்டடம் என்றே பாமர மக்கள் நினைப்பார்கள். நம் ஊரில் சியாரம் போல் ஒரு வீட்டைக் கட்டி இதிலே குடியிருங்கள் என்றால் நீங்கள் போவீர்களா? அதுவும் கல்லறைகளின் மேல் குடியிருந்த சனம் அதைச் சொன்னதாம்! மனித மனம் விசித்திரமானது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. தண்ணீரின் கதை.

வீட்டுக்கு வீடு குழாய் வைப்பதா, ஊருக்குப் பொதுவாகப் பம்ப் வைப்பதா என்ற கேள்வி வந்தபோது, ஃபத்ஹி பொதுப் பம்பின் பக்கமே சாய்ந்தார். குடம் சுமந்து வரும் பெண்களின் நடையழகும், வீட்டை விட்டு வெளியே வரவும் தோழிகளோடு பேசவும் அவர்களுக்கு அது ஒன்றே வாய்ப்பு என்பதும், கலியாணப் பேச்சுகளே அங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பதும் அவர் சொன்ன நியாயங்கள். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் சகோதரிகளே, இது குடத்தைச் சுமக்காத ஒருவரின் கண்ணில் பட்ட அழகு. பங்குனி, சித்திரையில் கிணறு வற்றி, தூரத்துக் கிணற்றுக்கு இரண்டு குடத்தோடு போய்வரும் வன்னிப் பெண்ணிடம் அந்த நடையழகைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பதில் சூடாகவே வரும்!

ஏன் அவர் குர்னாப் பெண்களிடமே கேட்கவில்லை? கேட்க வழியில்லை, ஆண்கள் அவர்களைக் கண்காணாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று அவரே வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார். குடும்பங்களுக்காக ஆண்கள் பேசினார்கள். பகல் முழுவதும் வயலிலும் சந்தையிலும் இருக்கும் ஆண்கள், பகல் முழுவதும் வீட்டில் இருப்பவளுக்காகப் பேசினார்கள். பர்தா இருந்ததால் கேட்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், மார்க்கம் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் மனமுடைந்து அசையாமல் நின்ற வேளையில் ரசூல் (ஸல்) அவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னார்கள். அன்னை தந்த ஆலோசனைப்படியே நடந்தார்கள், காரியமும் சீரானது. ஒரு சமூகத்தின் நெருக்கடியிலே பெண்ணின் யோசனை ஏற்கப்பட்டது என்றால், அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவளிடம் கேட்பதற்கு என்ன தடை?

புதிய குர்னாவில் பிற்காலத்தில் சில குடும்பங்கள் குடியேறின. அஸ்வான் பேரணை 1970இல் முடிந்தபின் நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பு ஏறி, சுவர்களின் அடி அரித்தது. பல வீடுகள் இடிந்து கொங்கிறீற் வீடுகளாயின. ஃபத்ஹி கட்டிய மஸ்ஜித் நிற்கிறது. யுனெஸ்கோ நிறுவனமும் எஞ்சியவற்றைக் காப்பதில் இறங்கியது. பழைய குர்னாவோ, 2006 டிசம்பரிலிருந்து இயந்திரங்களால் இடிக்கப்பட்டு, சனம் வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு!

அதே ஃபத்ஹி தம் எண்பதாம் வயதில், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அபிக்யூ என்ற இடத்தில், தாருல் இஸ்லாம் என்ற பெயரில் மஸ்ஜித் கட்டித் தரப் போனார். நூபிய மேசன்மாரும் உடன் போனார்கள். அந்நாட்டு மக்கள் தங்கள் மண்கல்லை ‘அடோபி’ என்றார்கள். மேசன்மார் ‘தூப்’ என்றார்கள். ஒரே சொல்லின் இரு பேரர்கள் சந்தித்துக்கொண்டது போல! 1989இல் ஃபத்ஹி வஃபாத்தானார்.

நம் மொழி பேசும் மண்ணில் இந்த முறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தமிழ்நாட்டில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லுக்குப் போகலாம். அங்கே 1989இல் தொடங்கிய மண் கட்டடக் கல்விக் கூடம் நூபிய முறையில் வளைகூரையும் குவிமாடமும் கட்டக் கற்றுக்கொடுக்கிறது. அங்குள்ள பார்வையாளர் மையத்துக்கு 1992இல் கிடைத்த விருதின் பெயரே ஹஸன் ஃபத்ஹி விருதுதான். ஆனால் அவர்கள் ஒரு திருத்தம் செய்துகொண்டார்கள். லக்சோரில் மழை எப்போதோ வரும் விருந்தாளி. தமிழ்நாட்டுக் கரையிலும் வன்னியிலும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் வானம் பொத்துக்கொள்ளும். வெறும் மண்கல் கூரை ஒரு மாரிக்குத் தாங்காது. எனவே மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சீமெந்து சேர்த்து, இயந்திரத்தில் அமுக்கி, சுடாமலே கல் ஆக்குகிறார்கள். மிஸ்ரின் வீட்டை அப்படியே தூக்கிவந்து புளியங்குளத்தில் வைக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

மண்சுவரை மட்டும் அலட்சியமாக நினைக்காதீர்கள். 1964இல் கெய்ரோவில் ஒரு சோதனை செய்தார்கள். மண்கல்லால் வளைகூரையோடு ஓர் அறை, வார்த்தெடுத்த கொங்கிறீற் பலகைகளால் ஓர் அறை. ஒரு முழு நாளில் மண் அறைக்குள் வெப்பம் 21 பாகைக்கும் 23 பாகைக்கும் இடையிலேயே நின்றது. கொங்கிறீற் அறைக்குள் 36 பாகைக்கு ஏறியது, வெளியே இருந்ததைவிட அதிகம். அது மார்ச் மாதக் கணக்கு. நம் ஆவணி வெயிலில் மெல்லிய சுவரும் தகரமும் என்ன செய்யும் என்பதை உங்கள் முதுகே சொல்லும்.

மீண்டும் வன்னிக்கு வருவோம். யுத்தத்தின் பின் இந்திய அரசு 50,000 வீடுகள் தருவதாக 2010இல் அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலானவை வீட்டுக்காரரே கட்டும் முறையில் நடந்தன. ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய், கட்டங்கட்டமாக. வேலை ஏற ஏறப் பணம் வரும். பணம் போதாமல் கடன்பட்டவர்கள் உண்டு, தாலியையும் காப்பையும் அடகு வைத்தவர்கள் உண்டு. ஆனாலும் மேசனைப் பிடித்ததும் கல்லைப் பார்த்து வாங்கியதும் அவர்களே. அதற்குப் பிறகு, 2016 அளவில், 65,000 உலோக வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. இந்த வெப்பத்துக்கு ஒவ்வாது, பழுதுபட்டால் ஊர் மேசனால் திருத்த முடியாது, அதே காசில் கூடுதலான கல்வீடுகள் கட்டலாம் என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். அது சொன்னபடி நிறைவேறவில்லை. குர்னாவிலே ஃபத்ஹி ஒருவராவது மண்ணையும் மனிதரையும் படித்துவிட்டு வரைந்தார், அதுவே போதவில்லை. எங்கோ வார்த்துக் கப்பலில் வரும் வீடு எப்படிப் போதும்?

புளியங்குளம் சந்தியில் பஸ் மாறும்போது பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. உம்மா, கலியாண வயதில் ஒரு மகள், இரண்டு பையன்கள். வாப்பா இல்லை. ஒருநாள் நெடுங்கேணி வீதிப் பக்கமிருந்த அவர்களுடைய வளவுக்குப் போயிருந்தேன். திட்டத்தில் கிடைத்த வீடு கம்பீரமாக நிற்கிறது. குசினியின் யன்னலோ பலகையடித்து மூடிக் கிடக்கிறது. பின்னால் புற்றுமண்ணால் அரைச்சுவர் வைத்து, பழைய தகரத்தின் மேல் கிடுகு போட்டு, தனியாக ஒரு குசினி. அங்கேதான் அந்தத் தாய் இருந்தார்.

“மௌலவி, வீடு தந்தாங்க, அல்ஹம்து லில்லாஹ். அதுல குறை சொன்னா நன்றி கெட்ட வேலை. ஆனா அடுப்பு எங்க வேணும் எண்டு என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. சோளகம் வீசினா புகை முழுக்க அறைக்குள்ளதான். விறகு அடுப்பு எண்டு தெரியாதா அவங்களுக்கு?” என்றார்.

வீட்டின் தென்மேற்கு மூலையில் குசினி. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்துதான் வருகிறது! படத்தை வரைந்தவர் காற்றைக் கேட்கவில்லை, அடுப்பு ஊதுபவளையும் கேட்கவில்லை. மலகூடமும் கிப்லாவுக்கு நேரே அமைந்திருந்தது. நம் நாட்டிலிருந்து கிப்லா மேற்கில் சற்று வடக்காக இருக்கிறது. வெட்டவெளியில் கிப்லாவை முன்னோக்குவது கூடாது என்றும், சுவருக்குள் அனுமதி உண்டென்றாலும் தவிர்ப்பதே சிறப்பு என்றும் ஷாஃபிஈ மத்ஹபில் சட்டம். பயப்பட வேண்டாம் என்று அவருக்கு விளக்கினேன். என்றாலும் பீங்கானைக் கொஞ்சம் திருப்பி வைக்க ஒரு சதமும் கூடுதலாகப் போயிருக்காது, யாராவது கேட்டிருந்தால்!

அவருடைய மண் குசினியைச் சுற்றிப் பார்த்தேன். தரையைக் களிமண்ணால் மட்டும் மெழுகியிருந்தார். சாணம் நஜீஸ் என்பதால் நம் வீடுகளில் அதைச் சேர்ப்பதில்லை, ஆகவே வெடிப்பு விழாமல் இருக்க மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்ப்பாராம். நூபிய மேசனின் வைக்கோல் அல்லவா இது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அரைச்சுவருக்கு மேலே காற்று தாராளமாகப் போய்வந்தது. பிள்ளைகள் மத்தியானம் ஓதுவதும் படுப்பதும் அங்கேதான்.

அவருக்கு அப்போது இன்னொரு கவலை. மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள், வீடு கேட்கிறார்கள். பெண்ணிடம் வீடு கேட்கும் வழக்கம் மார்க்கத்தில் இல்லை என்பதை நான் எத்தனையோ மிம்பரில் சொல்லியாயிற்று. மஹர் கொடுக்க வேண்டியவன் வீடு கேட்பது வெட்கம். அது வேறு கட்டுரை. அந்தத் தாயோ அரைக் காணியில் அத்திவாரம் போடத் துணிந்துவிட்டார். மேசனும் வந்திருந்தார். முன் வீட்டின் படத்தையே வைத்து முளையடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது, மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே தென்கிழக்கு மூலையில் குசினி வைத்தால் இரண்டு காற்றிலும் புகை வீட்டைத் தொடாமல் வெளியே போகும். அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர்கள் அதை அக்கினி மூலை என்பார்கள். அவர்களுடைய நம்பிக்கை நமக்கில்லை, ஆனால் காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். தெற்கிலும் மேற்கிலும் தாழ்வாரத்தை நன்றாக இறக்கிவிட்டால் வெயில் சுவரில் படாது. விருந்தாளி வந்தால் மகள் முன்வாசலைக் கடக்காமல் கிணற்றடிக்குப் போக ஒரு பின்வாசல் வேண்டும். வுளுச் செய்யும் தண்ணீர் வாழைக்குப் போகட்டும்.

மேசன் என்னைப் பார்த்து, “சரி மௌலவி, அப்பிடியே செய்வம்” என்றார். என்னிடம் சொல்லவேண்டாம், வீட்டுக்காரியிடம் கேளுங்கள் என்றேன். அந்தத் தாய் பேசவில்லை. மகள்தான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ஒரு விறகுத் தடியை எடுத்து, மண்ணிலே கீறிக் காட்டினாள். அடுப்பு இங்கே. விறகு அடுக்க இந்தச் சுவரோரம். யன்னல் இவ்வளவு உயரத்தில், இருந்து சமைக்கும்போது முற்றத்தில் விளையாடும் பிள்ளை தெரிய வேண்டும். எனக்குத் தோன்றாத விஷயம் அது, ஃபத்ஹிக்கும் தோன்றியிருக்காது. மேசன் தம் முளைகளைப் பிடுங்கி அவள் கீறிய கோட்டில் நட்டார்.